சங்கிலிப் பிடியும் தீனிப் பையும்

அன்று நாய்க்கு உட்காரக் கற்றுத் தந்த விதம் இது. கழுத்தில், இழுத்தால் இறுகும் இரும்புச் சங்கிலி. பயிற்றுநரின் வலக்கை அதை மேல்நோக்கிச் சுண்டும்; இடக்கை நாயின் பின்னிடுப்பை அழுத்தும்; வாய் ‘சிட்’ என்னும். தொண்டை நெரிபட்ட நாய் வேறு வழியில்லாமல் உட்காரும். உட்கார்ந்ததும் சங்கிலி தளரும். சில நாட்களில், சொல் காதில் விழுந்த மறுகணமே உட்கார்ந்துவிட்டால் கழுத்து தப்பும் என்பது அதற்கு விளங்கிவிடும்.

இன்று கற்றுத் தரும் விதத்தில் கை நாயின்மேல் படுவதே இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளிய வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை நாயின் மூக்குக்கு முன்னால் காட்டி, மெல்ல நெற்றிக்கு மேலாக இரண்டு காதுகளுக்கும் நடுவே பின்னோக்கி நகர்த்துகிறார்கள். பார்வை துண்டைத் தொடர்கிறது, தலை நிமிர்கிறது, பின்பகுதி தானாகவே தரையில் படுகிறது. பட்ட அந்தக் கணத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்ன ஒலி. பிறகு துண்டு வாய்க்குப் போகிறது. கையை ஓர் அங்குலம் அதிகமாக உயர்த்திவிட்டால் நாய் உட்காராமல் எட்டித் தாவும். அது நாயின் பிழை அல்ல, கையின் பிழை என்று இன்றைய பயிற்றுநர்கள் சொல்வார்கள்.

பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டு நாய்களும் ஒன்றுதான். இரண்டும் சொன்னதும் உட்காருகின்றன. வித்தியாசம் வேறொரு சமயத்தில் வெளிப்படும். அலமாரியிலிருந்து எதையோ எடுக்க வீட்டுக்காரர் சட்டென்று கையைத் தூக்கும்போது முதல் நாய் காதை மடக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தும். மற்றது அந்தக் கையில் என்ன வரப்போகிறது என்று பார்க்கும்.

பழைய முறையை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதற்கு முறையான நூல் வடிவம் தந்தவர்களில் முன்னவர் கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மன் காவல்துறை அதிகாரி. 1910-இல் வெளிவந்த அவருடைய பயிற்சி நூலை இன்று படிப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நாய்க்கு மனிதனைப் போன்ற நியாய உணர்ச்சி கிடையாது, செயலும் அதன் விளைவும் நொடி பிசகாமல் சேர்ந்தால்தான் அதற்குப் பாடம் ஏறும் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் விலங்கு நடத்தை பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டது 1938-இல்தான். அதற்கு 28 ஆண்டுகள் முன்பே ஒரு போலீஸ்காரர் அனுபவத்தால் அந்த இடத்தைத் தொட்டிருந்தார். கருவிகள்தான் வேறு. அவர் கையில் இருந்தவை பிரம்பும் முள் பட்டையும். மனிதனுக்கும் நாய்க்கும் இடையே யார் மேல், யார் கீழ் என்பதை உடல் பலத்தால்தான் நிலைநாட்ட முடியும், அந்தப் போராட்டத்தில் மனிதன் உடனடியாக வென்றாக வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அந்த நம்பிக்கை நீண்ட காலம் வாழ்ந்தது. 1962-இல் அமெரிக்காவில் வில்லியம் கோலர் எழுதிய பயிற்சி நூல் வந்தது. ராணுவ நாய்களைப் பழக்கியவர். வால்ட் டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைத் தயார் செய்தவர். தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன மருந்து இது: அது தோண்டிய குழியிலேயே தண்ணீரை நிரப்பி, தலையைப் பிடித்து அதற்குள் முக்குங்கள். இதை எழுதியவர் நாய்களை வெறுத்தவர் அல்ல. அவருடைய முதல் வாரப் பாடம் இன்றைக்கும் வியக்கவைப்பது. நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நடக்க வேண்டும்; நாயின் கவனம் சிதறிய கணத்தில் எதிர்த்திசையில் திரும்பிவிட வேண்டும். கயிறு இழுபட்டு இழுபட்டு, ‘இந்த மனிதரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்’ என்று நாய் தெரிந்துகொள்ளும். கோலர் கேட்ட ஒழுங்கு நாயிடம் மட்டுமல்ல, அதை வைத்திருப்பவரிடமும்தான். தினமும் வர வேண்டும், சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும், இன்று ஒன்று நாளை ஒன்று கூடாது. அடி எப்போது விழும் என்பது அந்த நாய்க்குத் தெரியும். எப்போது விழும் என்றே தெரியாத வீட்டு நாய்களின் நிலை அதைவிட மோசம்.

1980-இல் பிபிசி தொலைக்காட்சியில் பார்பரா உட்ஹவுஸ் வந்தார். மோஸ்டின் நூல் வெளிவந்த அதே 1910-இல் பிறந்த அம்மையார். முரட்டுத் துணிப் பாவாடையும் கணீர்க் குரலுமாக அவர் ‘வாக்கீஸ்!’ என்று அழைத்தது பிரிட்டனில் வீட்டுக்கு வீடு எதிரொலித்தது. கெட்ட நாய் என்று ஒன்று கிடையாது என்பது அவருடைய புகழ்பெற்ற நிலைப்பாடு. குரலில் தேன் இருந்தது. கையில் இருந்தது அதே இறுகும் சங்கிலிதான்.

இந்தச் சங்கிலிக்கு ஒரு கணக்கு உண்டு. குட்டியின் மெல்லிய கழுத்து அதைத் தாங்காது. ஆகவே பயிற்சி என்பதே ஆறு மாதத்துக்குப் பிறகுதான் என்று வழக்கமாகிவிட்டது. இன்று நாய்க்குட்டி வீட்டுக்கு வரும் எட்டாவது வாரத்திலேயே பாடம் தொடங்குகிறது. நடுவே நடந்தது ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் குட்டிகளைக் கவனித்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது. யாரை நம்பலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதன் அடித்தளம் அந்தச் சில வாரங்களில்தான் விழுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பழைய பயிற்சிமுறை அந்த வாரங்களைக் காலியாக விட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு சங்கிலியோடு வந்து நின்றது. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் குட்டிகளைக் கயிறில்லாமல் ஒன்றாக ஓடவிட்டு வகுப்பு நடத்தத் தொடங்கினார். குட்டிக்குச் சங்கிலி தேவையில்லை. தீனியும் விளையாட்டும் போதும். ஆறு மாதம் என்ற எல்லைக்கோடு அழிந்தது.

ஓநாயின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1947-இல் ருடால்ப் ஷெங்கெல் என்ற சுவிஸ் ஆய்வாளர், பாசெல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். ஓடிப்போக இடமில்லாத அடைப்பில் வாழ்ந்தவை அவை. ஓயாமல் பதவிக்குச் சண்டை போட்டன. அந்தச் சித்திரத்தை 1970-இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் தம் புகழ்பெற்ற நூலில் எடுத்தாண்டார். அதிலிருந்து வந்ததுதான் ‘கூட்டத் தலைவன்’ என்ற எண்ணம். நாய் சாப்பிடுமுன் நீங்கள் சாப்பிட வேண்டும், வாசலை முதலில் நீங்கள் தாண்ட வேண்டும், உறுமினால் மல்லாக்கத் தள்ளி அமுக்க வேண்டும் என்றெல்லாம் பாடம் வளர்ந்தது. மல்லாக்கத் தள்ளும் வித்தையைப் பிரபலமாக்கியவர்கள் நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்டுகளை வளர்த்துவந்த நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள். அவர்களுடைய நூல் வந்தது 1978-இல். 2002-இல் வந்த திருத்திய பதிப்பில் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டார்கள்.

மெக் அதற்கும் மேலே போனார். 1986 முதல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரிந்த ஓநாய்களைக் கோடைதோறும் பார்த்தார். அங்கே பதவிப்போர் இல்லை. இருந்தது ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, பிள்ளைகள். பிள்ளைகள் பெற்றோரைப் பின்தொடர்ந்தன, அவ்வளவுதான். 1999-இல் இதைக் கட்டுரையாக எழுதி, தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் பல ஆண்டுகள் வேண்டிக்கொண்டிருந்தார். அது நின்றது 2022-இல். தம் புத்தகம் விற்கக் கூடாது என்று போராடிய எழுத்தாளர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அந்தக் ‘கூட்டத் தலைவன்’ மட்டும் நாய் வளர்ப்பு வீடியோக்களில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

புதிய முறை எங்கிருந்து வந்தது? கருணையிலிருந்து என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் அது வந்தது கடலிலிருந்து. ஸ்கின்னர் 1951-இல் ஒரு கட்டுரையில், குழந்தைகள் விளையாடும் தகர ‘டிக்டிக்’ பொம்மையைக் கொண்டு வீட்டு நாய்க்கு வித்தை கற்றுத் தரலாம் என்று விளக்கியிருந்தார். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி கோழிகளையும் பன்றிகளையும் அப்படிப் பழக்கித் தொழிலே நடத்தினார்கள். நாய்ப் பயிற்றுநர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் சங்கிலி இருக்கும்போது பொம்மை எதற்கு? ஆனால் 1963-இல் ஹவாயில் கடல்வாழ் விலங்குக் காட்சி ஒன்றுக்கு டால்பின்களைப் பழக்கும் பொறுப்பு கேரன் பிரையர் என்ற பெண்ணிடம் வந்தபோது நிலைமை வேறு. டால்பினுக்குச் சங்கிலி மாட்டக் கழுத்து இல்லை. அதட்டினால் குளத்தின் மறுகோடிக்குப் போய்விடும். அன்றைய காட்சி முடிந்தது. மீனும் விசிலும் தவிர அவரிடம் வேறு அதிகாரம் எதுவும் இல்லை. தண்டிக்க முடியாத விலங்கைப் பழக்கியவர்கள்தான் தண்டனை தேவையில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். பிரையர் 1984-இல் நூல் எழுதி, 1990-களின் தொடக்கத்தில் நாய்க்காரர்களுக்கு நேரடியாகக் காட்டத் தொடங்கிய பிறகே அந்தத் தகரப் பொம்மை பிளாஸ்டிக் கிளிக்கராக மாறி அவர்களின் சட்டைப்பையில் ஏறியது. ஸ்கின்னரின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள்.

அளந்து பார்த்ததும் பிறகுதான். 2009-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நடத்தைச் சிக்கலுக்காக நாய்களை அழைத்துவந்த 140 பேரின் பதில்களைத் தொகுத்தார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர், நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். மல்லாக்கத் தள்ளியவர்களிடம் அது 31 விழுக்காடு. அடங்க வேண்டும் என்று செய்ததே எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது.

போர்ச்சுகலில் நடத்தப்பட்டு 2020-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஏழு பயிற்சிப் பள்ளிகளிலிருந்து 92 நாய்கள். வீட்டில் இருக்கும்போதும் பயிற்சிக்குப் பிறகும் உமிழ்நீர் எடுத்து மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். பிறகு பயிற்சித் திடலுக்கு வெளியே ஒரு சோதனை. அறையின் ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் இறைச்சித்துண்டு இருக்கும். மறுபக்கம் வைக்கும் கிண்ணம் எப்போதும் காலி. நாய் இதைப் பழகிய பிறகு, கிண்ணத்தை நடுவில் வைத்துவிட்டு, அது எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்பார்கள். பரிசு தந்து பழக்கியவை நம்பிக்கையோடு விரைந்து வந்தன. சங்கிலிச் சுண்டலையும் அதட்டலையும் அதிகம் நம்பிய பள்ளிகளின் நாய்கள் தயங்கின. யாரும் மிரட்டாத இடத்தில், உணவு இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்ற நிலையில், அவை இல்லை என்ற பக்கமே சாய்ந்தன. 

நம் ஊர்க் கதை இதில் எங்கே வருகிறது என்று கேட்டால், கொஞ்சம் வளைந்து வருகிறது. சென்னையிலோ மதுரையிலோ நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான வீட்டு நாய்களுக்குப் பயிற்சி என்ற ஒன்றே கிடையாது. மணி, டைகர், ராஜா என்று பெயர். பகலில் திண்ணையோரம், இரவில் கேட்டுக்கு வெளியே. மிஞ்சிய சோற்றில் தயிரோ குழம்போ பிசைந்து, அதே கை, அதே நேரம், அதே தட்டு. பழக்குகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் நடந்த பழக்கம் அது. அந்தத் தட்டுதான் நாயை அந்த வீட்டோடு கட்டியது, கயிறு அல்ல. மற்ற பாடங்களைத் தெரு சொல்லித் தந்தது. எந்த வீட்டுப் பாட்டி விரட்டுவாள், எந்த நாயிடம் வாலை மடக்க வேண்டும், சைக்கிள் எவ்வளவு தூரத்தில் வந்தால் நகர வேண்டும் என்பதையெல்லாம் யாரும் கிளிக்கர் வைத்துக் கற்பிக்கவில்லை. தெற்கே சிப்பிப்பாறையும் கன்னியும் மூத்த நாய்களின் பின்னால் ஓடியே வேட்டை கற்றன. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேலை போயிற்று; அது சரியான சட்டம்தான், ஆனால் வேலையில்லாத வேட்டைநாயை என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அன்று தண்டனை இல்லாமல் இல்லை. வீட்டுக்குள் சிறுநீர் கழித்த குட்டியின் மூக்கை அதிலேயே தேய்ப்பது எல்லாரும் கைகண்ட வைத்தியமாகச் சொன்னது. சுருட்டிய செய்தித்தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நாய் கற்றது ஒன்றே ஒன்று: மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது. பிறகு அது சோபாவுக்குப் பின்னால் போனது. ஊசி போட வேண்டுமென்றால் வாயைத் துணி நாடாவால் கட்டி, நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். அடுத்த முறை அந்த மருத்துவமனைத் தெருமுனையிலேயே நாய் கால் ஊன்றிவிடும்.

இன்று நகம் வெட்டுவதற்கே ஒரு பாடத்திட்டம் உண்டு. மடித்த துண்டின்மேல் நாய் தன் தாடையை வைக்கப் பழக்குகிறார்கள். தாடை துண்டின்மேல் இருக்கும்வரை வேலை நடக்கும். தூக்கிவிட்டால் கை உடனே விலகிவிடும். முதல் நாள் நகவெட்டி அறையின் மறுமூலையில் கிடக்கும். தாடையை வைத்தால் ஈரல் துண்டு. அடுத்து நகவெட்டி கையில். பிறகு பாதத்தில் ஒரு தொடுகை. பிறகு வெட்டாமலே நகவெட்டியின் சத்தம். முதல் நகம் வெட்டுப்படுவதற்குள் இரண்டு மூன்று வாரம் போய்விடும். நடுவில் நாய் தாடையைத் தூக்கிக்கொண்டே இருக்கும். அன்று அது அடங்காமை. இன்று அது, ‘சற்று வேகமாகப் போய்விட்டீர்கள்’ என்று நாய் தரும் தகவல். எனக்குத் தெரிந்து இந்த நூறாண்டில் நடந்த பெரிய மாற்றம் தீனியும் கிளிக்கரும் அல்ல. நாயின் மறுப்புக்குக் கிடைத்த இந்த இடம்தான். மறுத்தால் விடுவார்கள் என்று தெரிந்த நாய் மறுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. சிங்கத்துக்கும் யானைக்கும் கூடக் கட்டாமல், மயக்காமல் ரத்தம் எடுக்கும் உயிரியல் பூங்காக்கள் இதே வழியில்தான் போகின்றன.

புதிய முறையிலும் குளறுபடி இல்லாமல் இல்லை. பிஸ்கட்டை முன்கூட்டியே ஆட்டிக்காட்டி நாயைக் கூப்பிடுபவர்கள் பலர். அது பரிசு அல்ல, லஞ்சம். பிஸ்கட் தெரியாத நாளில் நாய் வராது. செயல் முதலில், தீனி பிறகு என்ற வரிசை மாறினால் மொத்தமும் கவிழ்ந்துவிடும். இடுப்பில் தீனிப் பை தொங்கினால் மட்டும் மதிக்கும் நாய்களும் இருக்கின்றன. கோலர் கேட்ட அன்றாட ஒழுங்கை இந்த முறையும் கேட்கிறது. ஐந்து ஐந்து நிமிடமாக, நாளுக்கு மூன்று நான்கு தடவை. முப்பது நொடி வீடியோ பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அந்தப் பொறுமை வாய்ப்பதில்லை. அவர்களுக்காகவே பேட்டரியில் இயங்கும் ஷாக் பட்டை ஆன்லைனில் காத்திருக்கிறது. வேல்ஸ் நாடு 2010-இலேயே தடை செய்த பொருள் அது. நம் ஊர்ச் செல்லப்பிராணிக் கடைகளில் பழைய இறுகும் சங்கிலியும் கிளிக்கரும் ஒரே கொக்கியில் தொங்குகின்றன. கடைக்காரருக்கு இரண்டும் ‘டிரெயினிங் ஐட்டம்’.

ஆனால் நான் இழப்பு என்று எண்ணுவது இதை அல்ல. நாயிடம் இவ்வளவு மென்மையாக நடந்துகொள்ளக் கற்ற இதே காலத்தில்தான் அதன் உலகம் இவ்வளவு சுருங்கியது. அன்றைய மணிக்கு அடி விழுந்தது; ஆனால் பகல் முழுக்கத் தெரு அதனுடையது. இன்றைய லாப்ரடாருக்கு அடி விழுவதில்லை. எட்டாவது மாடியில் பால்கனிக் கம்பியும், காலை மாலை அரைமணி நேர நடையும், இடையில் பூட்டிய கதவும். முன்பு தெரு ஓசியில் தந்ததை, மோப்பமும் அலைச்சலும் சகநாய்களும் வம்புகளும் சேர்ந்த அந்த நாளை, இப்போது தீனி ஒளித்த ரப்பர்ப் பொம்மையாலும் வகுப்புக் கட்டணத்தாலும் ஈடுகட்டப் பார்க்கிறோம். தெருவுக்கே திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. மணிகளில் பல லாரிச் சக்கரத்தில் போயின. வெறிநோய்த் தடுப்பூசி என்றால் என்னவென்று தெரியாமலே போனவையும் உண்டு. இன்றைய நாய் அவற்றைவிட நீண்ட நாள் வாழ்கிறது, பயமில்லாமல் வாழ்கிறது. வெறுமையாகவும் வாழ்கிறது.

ஹைதராபாத்தில் கொண்டாப்பூர் பகுதியில் 2018-இல் நாய்களுக்கென்றே ஒரு பூங்கா திறந்தார்கள். சுற்றிலும் வேலி, உள்ளே ஓடுவதற்குப் புல்வெளியும் தாண்டுவதற்குத் தடைகளும். இப்படிப்பட்ட இடங்களில் பட்டையைக் கழற்றிவிட்டதும் சில நாய்கள் பாய்ந்து ஓடும். நன்றாகப் பழகிய சில, எசமானரின் முழங்காலருகே சொன்னபடி உட்கார்ந்து, அடுத்த கட்டளைக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு இன்னொரு நாயிடம் எப்படிப் போவது என்று தெரியாது. அதற்கும் இப்போது தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள்; வேறொரு நாயைத் தானாகத் திரும்பிப் பார்த்தால், ஒரு துண்டு கோழி.